இளம்பருவ ஊட்டச்சத்தும் முதுமை மறதிநோயும்: ராணிப்பேட்டை – வேலூர் வட்டாரம்

கருத்தரித்த நாள் முதல் குழந்தையின் இரண்டாவது பிறந்தநாள் வரை ஏறத்தாழ 1000 நாள்கள். இந்தக் காலத்தில் கிடைக்கும் சத்தையே மருத்துவம் இளம்பருவ ஊட்டச்சத்து என்கிறது. அப்போதைய குறைபாடு, 65 வயதுக்கு மேல் டிமென்ஷியா எனப்படும் மறதிநோய்க்கு வழிவிடக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதற்கான சான்றுகளில் ஒரு பகுதி, தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் திரட்டப்பட்டது. ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர் வேலூரில் நிறுவிய கிறித்துவ மருத்துவக் கல்லூரியே (சி.எம்.சி.) அதன் மையம்.

கரு உருவாகி 28 நாள்களுக்குள் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான நரம்புக்குழல் மூடிவிடுகிறது. ‘நாள் தள்ளிப்போயிருக்கிறது’ என்று தாய் சந்தேகப்படத் தொடங்கும் நேரம் அது. அதற்குத் தேவையான ஃபோலிக் அமிலம் அவள் உடலில் முன்பே இருந்தாக வேண்டும். பிறகு அயோடின், இரும்பு, பி12, புரதம் ஒவ்வொன்றுக்கும் அதனதன் வேளை உண்டு. 2 வயதில் மூளை, வளர்ந்தவர் மூளையின் பருமனில் முக்கால் பங்குக்கு மேல் எட்டிவிடும். மண்டையோடு மூளைக்கு ஏற்பவே விரிவதால், தலையின் சுற்றளவு அந்த ஆண்டுகளின் பதிவாக உடலில் நின்றுவிடுகிறது. குழந்தைப் பருவத்தில் வேகமாக நீளும் கால்களும் அப்படியே.

இந்தப் பதிவைப் படிக்க முனைந்தது 10/66 டிமென்ஷியா ஆய்வுக் குழு. கொச்சியில் 1998இல் உருவான அதன் பெயரே ஒரு முறையீடு: மறதிநோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் 10 விழுக்காடுகூட அவர்களைப் பற்றியது இல்லை. இந்தியாவில் இக்குழு சென்னை நகரையும் வேலூரைச் சுற்றிய கிராமங்களையும் தேர்ந்தது. களப்பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று 65 வயதைக் கடந்தவர்களின் நினைவாற்றலைச் சோதித்தார்கள். அளவுநாடாவால் தலையைச் சுற்றி அளந்தார்கள். இடுப்பெலும்பின் மேல்முனையிலிருந்து தரைவரை கால் நீளத்தையும் குறித்தார்கள். கியூபா, மெக்சிகோ, பெரு, சீனா உள்ளிட்ட நாடுகளையும் சேர்த்து ஏறத்தாழ 15,000 பேரின் அளவுகள் 2011இல் வெளிவந்தன. தலைச் சுற்றளவில் மேல் கால்பங்கில் இருந்தவர்களிடம், கீழ்க் கால்பங்கினரைவிட மறதிநோய் சுமார் 25 விழுக்காடு குறைவு. கால் நீளத்தில் அந்த வேறுபாடு சுமார் 18 விழுக்காடு. அளக்கப்பட்ட நம் ஊர் முதியவர்கள் அனைவரும் விடுதலைக்கு முன் பிறந்தவர்கள். காமராசர் 1956இல் மதிய உணவைக் கொண்டுவருவதற்குள் அவர்களின் பள்ளி வயதே கடந்துவிட்டது. “வயசானா மறதி வரத்தான் செய்யும்” என்று வீட்டார் தள்ளிவிடுகிற நோய்க்குள் அந்தப் பழைய பசியும் இருக்கலாம் என்பதே இந்த ஆய்வின் கனம்.

இது உறுதிப்பட்ட காரணம் ஆகிவிடவில்லை. நன்றாகச் சாப்பிட்ட குழந்தையே பள்ளிக்கும் போயிருக்கும். கல்வியும் மறதிநோயைத் தள்ளிப்போடுகிறது. நெதர்லாந்தின் 1944-45 பஞ்சத்தின்போது கருவில் இருந்தவர்களுக்கு, 60 வயதை நெருங்கும்போது கவனத்தைக் குவிக்கும் திறன் குறைந்திருந்தது. ஆனாலும் இளமையில் ஊட்டினால் முதுமையில் நோய் குறையும் என்று நேரடிச் சோதனையில் நிறுவ 70 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

இன்னொரு பாதை நீரிழிவு வழியாகப் போகிறது. வேலூர் நகரிலும் கே.வி.குப்பம் கிராமங்களிலும் 1969 முதல் 1973 வரை பிறந்த குழந்தைகளின் எடையையும் நீளத்தையும் சி.எம்.சி. பதிந்துவைத்தது. அவர்களை 28 வயதுவாக்கில் மீண்டும் சோதித்தபோது, சிறுவயதில் மெலிந்திருந்து பின்னர் வேகமாக எடை கூடியவர்களிடம் சர்க்கரைக் கோளாறு அதிகம் தெரிந்தது. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் பட்டியலிட்ட, மாற்றக்கூடிய 14 மறதிநோய்க் காரணிகளில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன.

வேலூரின் ஏழைக் குடியிருப்புகளில் 2010-12இல் பிறந்த குழந்தைகளை எட்டு நாடுகளின் மால்-எட் ஆய்வு பின்தொடர்ந்தது. மழலையில் இரும்புச்சத்து போதிய அளவு இருந்தவர்கள் 5 வயது அறிதிறன் சோதனையில் மேலாக நின்றார்கள். இரத்தத்தில் ஈயம் மிகுந்தவர்கள் பின்தங்கினார்கள். நல்ல சோறு மட்டும் போதாது, நஞ்சும் விலக வேண்டும். ஆலைக் கழிவோடு வாழும் ராணிப்பேட்டைக்கு இது கூடுதலாகப் பொருந்தும்.

1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிச் சத்துமாவு, 1982இன் சத்துணவு, பின்னர் சேர்ந்த முட்டை, 2022இன் காலை உணவு என இங்கு பசிக்கு எதிரான ஏற்பாடுகள் வலுவானவை. ஆனால் பள்ளி உணவு தொடங்கும்போது அந்த 1000 நாள் முடிந்திருக்கிறது. விடியலில் கம்பெனி பஸ் ஏறி ஷூ கம்பெனிக்குப் போகும் தாய்க்குக் கைக்குழந்தையின் பால் நேரமே பெரிய கேள்வி. 2017 சட்டத் திருத்தம் 26 வாரப் பேறுகால விடுப்பையும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யுமிடத்தில் குழந்தைக் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் (அப்பர்) தைத்துக் கொடுக்கும் பெண்களுக்கு அது எட்டுவதில்லை. இந்த வட்டாரத்தில் முதலில் அடைக்க வேண்டிய ஓட்டை இதுதான்.

1969-73இன் அந்தக் குழந்தைகள் 2029க்கும் 2033க்கும் இடையில் 60 வயதை எட்டுகிறார்கள். பிறப்பெடை முதல் பதிவான இவர்களின் நினைவாற்றலை இனி விடாமல் அளந்து வர வேண்டும். அதற்கான பணத்தை அரசு இப்போதே ஒதுக்க வேண்டும்.