பழைய ஆர்மோனியம்: வாங்குதலும் விலை மதிப்பிடுதலும்

பழைய ஆர்மோனியம் என்று இக்கட்டுரை குறிப்பது, செய்த நிறுவனம் தொழிலை விட்டு மறைந்த பிறகும் கைமாறிக்கொண்டிருக்கும் கால் ஆர்மோனியத்தையும் கைப்பெட்டியையும். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் இந்தப் பெட்டிகளுக்கு இன்னும் தேவை இருப்பதற்கு முதல் காரணம் தெருக்கூத்து. செஞ்சியை அடுத்த மேலச்சேரி திரௌபதி அம்மன் வழிபாட்டின் மூலத்தலங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. கோடையில் இப்பகுதியின் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதப் பிரசங்கமும் இரவுக் கூத்தும் நடந்து தீமிதியில் முடிகின்றன. கூத்து ஜமாவில் மிருதங்கம், முகவீணை, தாளத்தோடு ஆர்மோனியமும் பின்பாட்டுக்கு உட்காருகிறது. பெட்டி வாங்கும்போது ‘ஜெர்மன் ரீட்’, ‘பாரிஸ் பெட்டி’ ஆகிய இரண்டு சொற்களே விலையை ஏற்றிவிடுகின்றன. ஆனால் மறைந்த நிறுவனத்தின் பெயர் பெட்டி பிறந்த இடத்தை மட்டும்தான் சொல்லும். அது இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் காற்றும் ரீட்டின் உலோகமும்தான் சொல்லும். விலை இந்த இரண்டையும் பார்த்து அமைய வேண்டும்.

பெயர்களின் பின்னணி இது. ஆர்மோனியத்துக்கு 1840களின் தொடக்கத்தில் பாரிஸில் காப்புரிமை பெற்றவர் அலெக்சாந்தர் தெபேன். அதே நகரில் அலெக்சாந்தர், முஸ்தெல், கஸ்ரியேல் முதலிய நிறுவனங்கள் பெருகின. கஸ்ரியேலின் மடக்குப் பெட்டிகள் கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தன. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் நிறுவிய துவார்கின், கால்துருத்தியை நீக்கித் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போட்டு மறு கையால் வாசிக்கும் கைப்பெட்டியைப் பரப்பியது. பாடகருக்கு அதுவே வசதி என்று நாடு முழுவதும் நிலைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பிய வரவு வற்றியது. விடுதலைக்குப் பிறகு வந்த இறக்குமதிக் கட்டுப்பாடு மிச்சத்தையும் அடைத்தது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரீட் ஆர்கன்களைக் குவித்த எஸ்டே நிறுவனம் 1960இல் மூடப்பட்டது. இன்று இந்தியப் பெட்டிகளுக்கான ரீட்டுகளுக்குப் பெயர்பெற்ற ஊர் குஜராத்தின் பாலித்தானா. ஆகவே ஐரோப்பிய ரீட் உடைந்தால் அதே வார்ப்பில் மாற்று ரீட் கிடைப்பது அரிது. பெட்டியின் விலையை எடைபோடும்போது முதலில் நினைவில் வைக்க வேண்டியது இதுதான்.

மூடியில் ஒட்டியிருக்கும் பித்தளைத் தகட்டை எந்தப் பெட்டியிலும் ஆணியடித்துவிடலாம். ரீட் சட்டத்தில் குத்திய முத்திரைக்கு அதைவிட மதிப்பு உண்டு என்றாலும், அதையும் எண்ணித்தான் பார்க்க வேண்டும். 42 கட்டை கொண்ட இரட்டை ரீட் பெட்டியில் 84 ரீட்டுகள். மூன்று வரிசை என்றால் 126. அவற்றில் பத்து முத்திரை தெரிந்தால் மற்றவை எங்கிருந்து வந்தவை என்ற கேள்வி எழ வேண்டும். உடைந்தவற்றுக்குப் பதிலாக வேறு பெட்டியிலிருந்து கழற்றிப் போடுவது நெடுநாள் வழக்கம். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, பிழைப்பு அப்படி. ஆனால் தடிமனும் நீளமும் மாறிய ரீட் நாக்குகள் ஒரே காற்றுக்கு ஒரே மாதிரி பேசாது. பலகையைக் கழற்றிக் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் பெயருக்கென்று ஒரு ரூபாய்கூடச் சேர்த்துக் கொடுக்க வேண்டியதில்லை.

அசல் பெட்டியாகவே இருந்தாலும் அதற்குள் ஒரு சிக்கல் பொதிந்திருக்கிறது. சந்தையில் இதைப் பேசுவோர் குறைவு. பிரான்ஸ் 1859இல் வகுத்த அளவுப்படி ‘ஏ’ சுரத்துக்கு வினாடிக்கு 435 அதிர்வு. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செல்வாக்கோடு இருந்த உயர் சுருதி ஏறத்தாழ 452. இன்று மின் சுருதிப்பெட்டியும் கீபோர்டும் பின்பற்றும் 440 என்ற அளவு, 1939இல் லண்டனில் நடந்த மாநாட்டில் பரிந்துரைக்கப்பட்டது. கைபடாத பழைய பாரிஸ் பெட்டி இன்றைய சுருதியைவிட அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு இறங்கி நிற்கும்; உயர் சுருதிக்குச் செய்த பெட்டி கிட்டத்தட்டப் பாதி அரைச்சுரம் ஏறி நிற்கும். இதைச் சரிசெய்ய நாக்கைச் சுரண்ட வேண்டும். நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். நுனியில் ஈயம் வைத்தும் இறக்கலாம். அடியில் சுரண்டுவதுதான் ஆபத்து, ஏனென்றால் நாக்கு ஒவ்வோர் அதிர்விலும் வளைவது அந்த இடத்தில்தான். மெலிந்த இடத்திலேயே முறியும். எனவே கைபடாத பெட்டி மற்ற வாத்தியங்களோடு சேராது. சேரும்படி மாற்றிய பெட்டியை அசல் என்று விலை சொல்ல முடியாது. சேகரிப்பவர் தேடும் மதிப்பும் வாசிப்பவர் தேடும் மதிப்பும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. ஒரே பெட்டிக்கு இரண்டு விலையையும் கூட்டிக் கேட்பது கணக்கில் வராது.

கூத்துக்காரருக்கு இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. முகவீணையின் சுருதி குழலின் நீளத்தோடு பிறந்தது. ஊதுபவர் உதட்டால் ஓரளவு இழுத்துக்கொள்ளலாம். மிருதங்கத்தை இடையில் தட்டிச் சேர்க்கலாம். ஆர்மோனியத்துக்கு விடியும்வரை மாற்று வழி கிடையாது, மற்றவர்கள்தான் அதற்கு வர வேண்டும். நம் பாடகர்கள் சுருதியை ஒரு கட்டை, நாலரைக் கட்டை, ஐந்து கட்டை என்று அளப்பதே இந்தப் பெட்டியின் கட்டைகளைக் கொண்டுதான்: வெள்ளைக் கட்டைகள் முழு எண்கள், கறுப்பு அரைகள். எஸ். ஜி. கிட்டப்பா காலத்து நாடக மேடையில் ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டியிருந்ததால் உயர்ந்த கட்டையில் பாடுவதே வழக்கமாக இருந்தது. அந்தப் பழக்கம் கூத்திலும் தங்கிவிட்டது. ஆகையால் மேல் ஸ்தாயியில் காற்றோட்டம் மங்கிய பெட்டி, பெயர் எதுவானாலும், இங்கே பாதி விலைதான் பெறும். அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்து, 1971இல்தான் தடையைத் தளர்த்தியது. கமகத்துக்கு இடம் தராத கருவி என்பது முக்கியக் குற்றச்சாட்டு. அது நியாயமானதே, ஆனால் நாடகமும் கூத்தும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்த வட்டாரத்தின் விலையை நிர்ணயிப்பது சபா அல்ல, களரி.

சோதிக்கும் முறை எளிது. கைப்பெட்டியின் ஸ்டாப்பர்களை எல்லாம் மூடிவிட்டுத் துருத்தியை நிரப்பி, கட்டை எதையும் தொடாமல் விட்டுப் பார்க்க வேண்டும். உடனே தளர்ந்தால் ஓட்டை துருத்தித் தோலிலோ பெட்டியின் இணைப்பிலோ இருக்கிறது. கரப்பானும் எலியும் செய்யும் வேலை பெரும்பாலும் இதுதான், செலவும் அதிகமில்லை. ஸ்டாப்பர்களைத் திறந்த பிறகே தளர்கிறது என்றால் கட்டைக்கு அடியில் உள்ள மூடிகள் சரியாக அமரவில்லை. அடுத்து ஒவ்வொரு கட்டையையும் மெல்லிய காற்றில் தொட வேண்டும். நல்ல ரீட் குறைந்த காற்றிலேயே பேசும், தேய்ந்தது இழுத்துப் பிடித்தால்தான் வாய் திறக்கும். கைபேசிச் செயலியில் சுருதி பார்ப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காற்றழுத்தம் கூடினால் ரீட்டின் சுருதி சற்று இறங்கும். விற்பவர் ஓங்கித் துருத்தி போட்டு வாசித்தால் அளவு கொஞ்சம் பொய் சொல்லும். கடலோரக் காற்றில் கிடந்த பெட்டியில் பித்தளை பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். மேலே படிந்ததைத் துடைத்துவிடலாம். நாக்கின் விளிம்பை அரித்திருந்தால் அந்த ரீட்டை எண்ணிக்கையிலிருந்தே கழித்துவிட வேண்டும்.

பழைய பித்தளைக்கு ஈடில்லை என்பது, பெயரை விட்டு நிலையைப் பார்த்து விலை சொல்லும் இந்த முறைக்கு வரும் முதல் மறுப்பு. பாதி உண்மை. நல்ல ஐரோப்பிய ரீட்டில் நாக்குக்கும் சட்டத்துக்கும் இடையிலான இடைவெளி மிக நுண்ணியது, அதனால் காற்று வீணாவதில்லை. ஆனால் இந்தச் சிறப்பைக் காதாலும் கையாலும் நேரில் காண முடியும்போது பெயருக்கு எதற்குத் தனிப்பணம்? கோடிக்கணக்கான முறை வளைந்த உலோகம் களைத்துப்போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உடைந்தால் ரீட் பலகையையே மாற்றிவிடலாமே என்பது இரண்டாவது மறுப்பு. தாராளமாக மாற்றலாம்; மாற்றிய பிறகு கையில் இருப்பது பழைய மரத்துக்குள் புதிய வாத்தியம், அதற்குப் புதிய பெட்டியின் விலையே உச்சவரம்பு. புதுச்சேரி பழம்பொருள் கடைகளில் அதிகம் தருகிறார்களே என்பாரும் உண்டு. அங்கே வாங்கப்படுவது வரவேற்பறைக்கான மரச்சாமான். செதுக்கிய முகப்பும் மெழுகுவர்த்தித் தாங்கியும் அதற்கு முக்கியம், ஒலி பெரிதல்ல. வாசிப்பவர் அந்த விலையோடு போட்டியிடத் தேவையில்லை. பழைய கட்டைகளில் யானைத் தந்தம் ஒட்டப்பட்டிருந்தால் அது மதிப்பைக் கூட்டாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தந்த வணிகம் குற்றம் என்பதால் விற்பவரையும் வாங்குபவரையும் மாட்டிவிடும்.

கணக்கு இப்படிப் போக வேண்டும். அதே கட்டை எண்ணிக்கையும் ரீட் வரிசையும் கொண்ட புதிய இந்தியப் பெட்டியின் விலையைத் தலைவரம்பாக வைத்து, அதிலிருந்து தோல், மூடி, சுருதி சேர்க்கும் கூலி ஆகியவற்றைக் கழிக்கலாம். மாற்றுக் கிடைக்காத ஒவ்வொரு ரீட்டுக்கும் இன்னும் கொஞ்சம் கழிக்க வேண்டும். முத்திரை முழு வரிசைக்கும் பொருந்தி, மெல்லிய காற்றில் எல்லாக் கட்டையும் பேசினால் மட்டும் வரம்பைத் தாண்டிக் கொடுக்கலாம். எந்த மாதத்தில் பார்க்கிறோம் என்பதும் விலையோடு சேர்ந்ததே. ஐப்பசி மழையில் மரம் ஊதி இணைப்பு விரிசல்களை அடைத்துக்கொள்ளும், பெட்டி காற்றை நன்றாகவே பிடிக்கும். அதே பெட்டி சித்திரை வெயிலில், கூத்து உச்சத்தில் இருக்கும்போது, வாய் பிளக்கும். மழைக்காலத்தில் பார்த்த பெட்டிக்கு முன்பணம் மட்டும் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பங்குனிக்கு நிறுத்தி வைப்பது பேரத்தில் கேட்கத் தகாத நிபந்தனை அல்ல.