கொழுப்புத் தோட்டா: குழலுக்குள் இருந்த காரணம்

கீழ்க்கட்டளையில் வாழும் நமக்குப் பரங்கிமலை அண்டை ஊர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பீரங்கிப்படைக்கு அதுவே தலைமையிடமாக இருந்தது. அவ்வழியே செல்லும்போதெல்லாம் 1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சி குறித்த ஒரு வினா நம் நினைவில் எழும். தோட்டாவில் கொழுப்புத் தடவினார்கள் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஏன் தடவினார்கள் என்பதை அறிந்தோர் சிலரே.

விடை துப்பாக்கியின் குழலுக்குள் இருக்கிறது. அக்கால வெடிமருந்து வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றின் கலவை. வெடியுப்பைச் சாம்பல் கொண்டு தூய்மை செய்யும் முறையை 13ஆம் நூற்றாண்டிலேயே ஷாம் நாட்டு அறிஞர் ஹஸன் அர்-ரம்மாஹ் எழுதி வைத்தார். இம்மருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் புகையாகவும் கசடாகவும் எஞ்சும். பழைய மஸ்கட்டின் குழல் வழவழப்பானது. குண்டும் குழலைவிடச் சிறியது. எனவே கசடு படிந்தாலும் குண்டு இறங்கிவிடும். ஆனால் தொலைவில் குறி நில்லாது. 1853ஆம் ஆண்டு மாதிரியான என்ஃபீல்டு துப்பாக்கியின் குழலிலோ மூன்று சுருள்வரிகள் இருந்தன. குண்டு அவ்வரிகளைப் பற்றிச் சுழன்று செல்வதால் குறி தப்பாது. வரிகளில் கசடு அடைத்துக்கொண்டாலோ, அடுத்த குண்டு இறங்க மறுக்கும். இரும்புக் கோலால் வலிந்து இடித்தால் குண்டு நசுங்கும். நாளடைவில் குழல்வாயும் தேய்ந்து குறி பிசகும். கசடை இளக்கிக் குண்டை வழுக்கி இறக்கவே தோட்டாத் தாளில் மெழுகும் கொழுப்பும் பூசினர்.

அத்தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிப்பதே படைப்பயிற்சி முறை. கொழுப்பு பன்றியினுடையதாயின் முஸ்லிமுக்கு ஹராம். பசுவினுடையதாயின் இந்துவுக்குப் பாவம். 1853இல் தட்பவெப்பச் சோதனைக்காக இத்தோட்டாக்கள் இந்தியாவுக்கு வந்தபோதே கர்னல் டக்கர் என்னும் அதிகாரி எச்சரித்தார்: கொழுப்பு எவருக்கும் மாறுபாடற்றது என்று தெளியாமல் இந்தியச் சிப்பாய்களுக்கு வழங்கலாகாது. அவ்வெச்சரிக்கை கிணற்றில் போட்ட கல்லாயிற்று.

1857 ஜனவரியில் டம்டம்மில் ஐயம் கிளம்பிற்று. சிப்பாய்கள் தாமே விரும்பிய பொருளைப் பூசிக்கொள்ளலாம், கையால் கிழிக்கலாம் என்றெல்லாம் பின்னர் இசைந்தனர். காலம் கடந்துவிட்டது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் குதிரைப்படையினர் 90 பேரில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அவையோ அவர்கள் முன்பே வழங்கி வந்த பழைய வகைத் தோட்டாக்கள்! நம்பிக்கை போனபின் பழையதும் தீட்டாகவே தோன்றிற்று. மறுத்தோருக்கு விலங்கிட்டனர், மே 10 அன்று கிளர்ச்சி வெடித்தது.

சென்னைப் படையணிகளுள் பெரும்பாலானவை இதில் சேரவில்லை. ஆயினும் இப்பாடம் தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. தாடியையும் நெற்றிக்குறியையும் தடுத்து, புதிய தலைப்பாகையைத் திணித்ததன் விளைவை 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டை காட்டியிருந்தது.

பின்னாளில் குண்டின் விட்டத்தை 0.568 அங்குலத்திலிருந்து 0.55 அங்குலமாகக் குறைத்தனர். குழலின் இடர் தணிந்தது. கைவினை அறிவுக்கு எட்டிய தீர்வு அது. சிப்பாயை முன்னமே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மற்றைய இடருக்கும் தீர்வு கிடைத்திருக்கும் என்றே நாம் கருதுகிறோம்.