வாழைச்சேனை ஸ்டேஷனுக்கு நூறு வயதாகப் போகிறது

ஒரேயொரு பாடசாலை மாணவிக்காக ஜப்பானில் ரயில் ஸ்டேஷனொன்று மூடப்படாமல் இருந்தது என்ற கதையை நம்மில் பலர் பகிர்ந்திருப்போம். அது ஹொக்கைடோ தீவிலுள்ள கியூ-ஷிராட்டாக்கி. ஆனால் அதே பாதையிலிருந்த கமி-ஷிராட்டாக்கியின் பெயரில்தான் கதை அதிகம் சுற்றியது. 2016 மார்ச் 26 அன்று இந்த இரண்டும், இன்னொன்றும் சேர்த்து மூன்று ஸ்டேஷன்கள் மூடப்பட்டன. பயணிகள் குறைந்ததே காரணம். அந்த மாணவியின் பாடசாலைப் படிப்பும் அதே மாதம்தான் முடிந்தது.

அந்தக் கதை நமக்குத் தெரியும். நம் ஸ்டேஷனின் கதை நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

மாகோவில் பிரிந்து வரும் பாதை கல்லோயா சந்தியில் இரண்டாகிறது. ஒன்று திருகோணமலைக்கு. மற்றது பொலன்னறுவை, வெலிக்கந்தை, புணானை, வாழைச்சேனை, கல்குடா, ஏறாவூர் வழியாக மட்டக்களப்புக்கு. நம் பாதை 1928 இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே பாலங்கள் வந்துவிட்டன: மகாவலியின் மேல் மன்னம்பிட்டிப் பாலம் 1922 இல், நம் ஓட்டமாவடிப் பாலம் 1924 இல். புணானையில் மனிதர்களைக் கொன்று திரிந்த சிறுத்தையைக் கப்டன் ஷெல்டன் ஏகார் சுட்டதும் அதே 1924 இல்தான். அப்படிப்பட்ட காட்டுக்குள்ளால்தான் தண்டவாளம் வந்தது.

அப்போது இரண்டு பாலங்களிலும் ரயிலுக்கும் வாகனங்களுக்கும் ஒரே வழிதான் இருந்தது. ரயில் போகும்வரை பஸ்ஸும் சைக்கிளும் காத்து நின்றன. மன்னம்பிட்டியில் அந்தக் காத்திருப்பை முடித்துவைத்ததும் ஜப்பான்தான். அவர்களின் உதவியில் கட்டிய தனி வீதிப்பாலம் 2007 இல் திறக்கப்பட்டது.

யுத்த காலத்தில் ஆண்டுக்கணக்காக ரயில் மட்டக்களப்புக்கு வரவில்லை. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு, 2003 இல்தான் திரும்பி வந்தது. ஸ்டேஷன் இருந்தும் ரயில் இல்லாத ஊர் எப்படியிருக்கும் என்பதை ஜப்பானைப் பார்த்து நாம் படிக்க வேண்டியதில்லை.

சிறிய ஸ்டேஷனின் பெறுமதி டிக்கட் கணக்கில் மட்டும் இல்லை. மகரகமைக்கு மருந்தெடுக்கப் போகும் நோயாளியும், கொழும்பில் படிக்கும் பிள்ளையும், தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று பாராமல் ஒரே பெட்டியில் ஏறும் இடம் அது.

2028 இல் நம் பாதைக்கு நூறு வயது. பாலத்தடியில் காத்து நின்றவர்களும், ஸ்டேஷனில் மூட்டை சுமந்தவர்களும், ரயில் நின்றபோதும் திரும்பி வந்தபோதும் பார்த்தவர்களும் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். மூத்தவாப்பாவிடமும் அம்மப்பாவிடமும் இப்போதே கேளுங்கள். பிள்ளைகளிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், நூறாவது வருடத்தில் நம் ஸ்டேஷனின் கதையை நாமே சொல்லலாம்.