பரிசிலும் நன்றியும்



ஒருவர் நமக்கு ஒரு பொருளை அன்புடன் அளித்தால் நாம் 'நன்றி' என்கிறோம். இச்சொல்லை இவ்வாறு கூறுவது பிற்கால வழக்கு. பண்டைத் தமிழில் நன்றி என்பதற்கு நன்மை, உதவி என்பனவே பொருள். திருக்குறளின் 11ஆம் அதிகாரம் 'செய்ந்நன்றி அறிதல்' எனப் பெயர் பெறுகிறது. நன்றி செய்வது கொடுத்தவன் செயல். அதனை அறிவது பெற்றவன் கடமை. ஆயின், பரிசில் பெற்ற பழந்தமிழர் அவ்வறிவை எவ்வாறு புலப்படுத்தினர்?

இதனை நான் ஆராயப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணி ஆற்றியவன் நான். உதவித்தொகை பெற்றுப் பயின்ற மாணவர் பலரைக் கண்டிருக்கிறேன். அவருள் சிலர், பிறர் உதவியைப் பெற்றதனாலேயே தாம் தாழ்ந்துவிட்டதாகக் கருதித் தலைகவிழ்ந்து நிற்பர். வேறு சிலர், அத்தாழ்வுக்கு அஞ்சி, உதவியவர் பெயரையே வாய்திறந்து சொல்லார். இவ்விரு சாராருக்கும் சங்க நூல்கள் விடை கூறுகின்றன.

அக்காலத்தில் உயர்வு தாழ்வு இல்லாமல் இல்லை. ஒரு பொருளை வேண்டுங்கால் தாழ்ந்தோன் 'ஈ' என்றும், ஒத்தோன் 'தா' என்றும், உயர்ந்தோன் 'கொடு' என்றும் கூறுதல் மரபெனத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. அத்தகைய சமுதாயத்திலும் புலவர்கள் நிமிர்ந்து நின்றே பரிசில் பெற்றனர். பெருஞ்சித்திரனார் என்னும் புலவர் தகடூர்த் தலைவன் அதியமான் நெடுமான் அஞ்சியை நாடிச் சென்றார். அவனோ அவரை நேரிற் காணாமலே பரிசிலை அனுப்பினான். புலவர் அதனை ஏற்கவில்லை. காணாமற் கொடுத்த பொருளைப் பெற்றுச் செல்லத் தாம் வாணிகர் அல்லர் என்றும், தகுதியறிந்து விரும்பிக் கொடுத்தால் தினையளவினதாயினும் இனிதே என்றும் கூறினார். புறநானூற்றின் 208ஆம் பாட்டு இதனைத் தெரிவிக்கிறது. வறுமையிலும் அவர் வேண்டியது பொருளோடு கூடிய மதிப்பாகும்.

அதே அதியமான் ஔவையாருக்கு நெல்லிக்கனி அளித்ததை நீங்கள் அறிவீர்கள். பெறுதற்கரிய அக்கனியின் பயனை வெளியிடாது தன்னுள் அடக்கிக்கொண்டு, தான் உண்ணாமல் அவருக்கு ஈந்தான். அதற்கு ஔவையார் செய்ததென்ன? நீ நெடிது நிலைபெறுக என்று அவனை வாழ்த்தினார். சாவை நீக்கும் கனியைத் தமக்குத் தந்தவனுக்கு, அவன் துறந்த நெடுவாழ்வையே வாழ்த்தாகத் திருப்பி வழங்கினார். கொடுத்தவன் எதனை இழந்தான் என்று உணர்ந்து கூறிய சொல் அது. திருக்கோவலூருக்கு அருகிலுள்ள ஜம்பை என்னும் ஊரில் 1981ஆம் ஆண்டு ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு கண்டறியப்பட்டது. அதியன் நெடுமான் அஞ்சி என்பான் குகையொன்றை உறைவிடமாக அளித்த செய்தி அதில் உள்ளது. ஈகையைப் பாட்டிலும் கல்லிலும் பெயருடன் பதிந்து வைத்தனர் நம் முன்னோர்.

குமணனிடம் பெருஞ்செல்வம் பெற்று வீடு திரும்பிய பெருஞ்சித்திரனார் தம் மனைவியை நோக்கிக் கூறியதை 163ஆம் பாட்டிற் காணலாம். உன்னை விரும்புவோர்க்கும், சுற்றத்தார்க்கும், நம் பசி தீர முன்பு கடன் தந்தோர்க்கும், இன்னார்க்கு என்று பாராமலும் என்னைக் கேளாமலும் கொடு என்றார். இது குமணன் தந்த வளம் என்பதையும் சொல்ல மறக்கவில்லை. வாங்கிய கை வழங்கும் கையாயிற்று. தந்தவன் பெயரும் அவ்வில்லத்தில் விளங்கிற்று.

பரிசில் பெற்றவர் செய்த மற்றொரு செயலும் உண்டு. அதுவே ஆற்றுப்படை என்னும் நூல்வகையாக வளர்ந்தது. ஆறு என்றால் வழி. பெற்றவன் ஊர் திரும்பும்போது, பசியோடு எதிர்வரும் ஒருவனைக் கண்டு, தனக்கு உதவிய வள்ளலிடம் செல்லும் வழியைக் கூறுகிறான். பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் இவ்வகையின. 269 அடிகள் கொண்ட சிறுபாணாற்றுப்படை, நல்லியக்கோடனை நாடிச் செல்வோனுக்கு எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் ஆகிய ஊர்களைக் காட்டுகிறது. மலைபடுகடாமோ வழியிலுள்ள இடர்களையும் எடுத்துரைத்து எச்சரிக்கிறது. 'எனக்குக் கிடைத்தது போதும்' என்று ஒதுங்காமல், கிடைத்த இடத்தைப் பிறருக்கும் காட்டுவது எத்துணை உயர்ந்த நன்றியறிதல்!

இம்மரபு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. பத்துப்பாட்டை 1889ஆம் ஆண்டிலும் புறநானூற்றை 1894ஆம் ஆண்டிலும் அச்சேற்றிய டாக்டர் உ. வே. சாமிநாதையர், தமக்கு ஓலைச்சுவடிகளைத் தந்து உதவியோரின் பெயர்களைத் தம் முகவுரைகளிற் குறித்து வைத்தார். சுவடி தந்தவர் இன்றும் அந்நூல்களின் முன்பக்கங்களில் வாழ்கின்றனர்.

ஆகவே, மாணவர்களே, உதவி பெறுவதற்கு நாணாதீர்கள். பெற்றதை மறைக்கவும் வேண்டா; அதற்காகக் கூனிக்குறுகவும் வேண்டா. தந்தவர் பெயரை நிமிர்ந்து நின்று சொல்லுங்கள். அவருக்குக் கடிதம் எழுதினால், அவர் தந்த நூலில் எதைக் கற்றீர்கள், அவர் அளித்த தொகையால் எவ்வகுப்பை முடித்தீர்கள் என்பதை இரண்டு வரியாவது எழுதுங்கள். அவ்வுதவிக்கு உரிய மாணவன் ஒருவன் அடுத்த தெருவில் இருப்பானாயின், அதற்கு விண்ணப்பிக்கும் வழியை அவனுக்கும் காட்டுங்கள். அன்று பாணன் செய்ததும் அதுவே.