ரெண்டு பாய்மரப் படகு, ஒரு முதுகெலும்பு

1/ "முதுகு ஆபரேஷன் ஆச்சு, இனி அவ்வளவுதானா டாக்டர்?" அடிக்கடி கேட்கிற கேள்வி. பதிலா ரெண்டு படகு கதை சொல்றேன். ரெண்டையும் ஓட்டினவர் அப்போ கடற்படை அதிகாரியா இருந்த அபிலாஷ் டோமி.

2/ மாதேய்: 56 அடி, நவீனப் படகு. 2012 நவம்பரில் மும்பையில் கிளம்பி, தனி ஆளா, எங்கும் நிற்காம உலகத்தைச் சுற்றி 151 நாளில் திரும்பினார். இந்தியர்களில் முதல் ஆள்.

3/ துரியா: 32 அடி. 1960களில் மும்பையில் கட்டின சுஹைலியின் நகல். அந்தப் படகில்தான் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் உலகிலேயே முதல்முறையா இப்படிச் சுற்றி 1969-ல் கரை சேர்ந்தார். ஆனது 312 நாள்!

4/ படகு நீளமானா வேகம் கூடும். புயல் கடலில் இருக்கிற நாள் குறையும். எங்க பாஷையில, எக்ஸ்போஷர் குறையும்.

5/ 2018 கோல்டன் குளோப் ரேஸ். ஜிபிஎஸ் கூடாது. செப்டம்பர் 21, இந்தியப் பெருங்கடலில் புயல். துரியாவின் பாய்மரம் முறிந்தது, அவர் முதுகெலும்பும். மூணு நாள் அசைய முடியாமக் கிடந்தவரை பிரெஞ்சுக் கப்பல் மீட்டது.

6/ முதுகில் டைட்டானியம் கம்பியோட அதே ரேஸுக்குத் திரும்பினார். 2023-ல் ரெண்டாவது இடம்.

7/ நமக்குக் கடலெல்லாம் வேண்டாம். டாக்டர் சரின்னு சொன்னதும் நடேசன் பார்க்கில் ஒரு ரவுண்டு நடங்க.