லிவிசி என்ற பெயர் போன வழி

துருக்கியின் தென்மேற்கில், ஃபெத்தியே நகரத்துக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி, ஒரு மலைச்சரிவு முழுக்கக் கூரையில்லாத கல்வீடுகள் நிற்கின்றன. நூற்றுக்கணக்கான வீடுகள், குடியிருக்க ஆளில்லை. இன்று அந்த ஊரின் பெயர் காயாகோய். துருக்கிய மொழியில் பாறையூர் என்று பொருள். நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்த கிரேக்கர்களுக்கு அது லிவிசி.

அதற்கும் முன்னே, சுமார் 2000 ஆண்டுகளுக்கு முந்தைய புவியியலாளர் ஸ்ட்ராபோ, இந்த மலைப்பகுதியில் ஒரு பள்ளத்தாக்கில் கார்மிலெசோஸ் என்ற ஊர் இருப்பதாக எழுதினார். அந்த ஊரின் இடத்தில்தான் லிவிசி எழுந்தது என்பார்கள்.

இன்று நிற்கும் வீடுகள் அவ்வளவு பழையவை அல்ல. பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டியவை. கட்டியவர்களின் அறிவு வியக்க வைக்கிறது. எந்த வீடும் பின்வீட்டின் வெளிச்சத்தை மறைக்காதபடி அவை படிப்படியாக ஏறுகின்றன. மழைநீரைச் சேர்க்க வீட்டோடு சேர்ந்த தொட்டிகள். உழுது விதைக்கிற சமவெளியைத் தொடாமல், பாறைச்சரிவில் மட்டும் வீடு கட்டினார்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பெரிய தேவாலயங்கள். கீழே சமவெளியில் முஸ்லிம்கள், மேலே கிறிஸ்தவர்கள். தலைமுறைகளாக அண்டை அயலாக வாழ்ந்தார்கள்.

ஆனால் முதல் உலகப்போர்க் காலத்திலேயே கிறிஸ்தவர்களின் நாடுகடத்தல்கள் தொடங்கின. கிரேக்க-துருக்கியப் போர் முடிந்த 1922இல் ஊர் காலியானது. 1923 ஜனவரி 30 அன்று சுவிட்சர்லாந்தின் லோசானில் கையெழுத்தான மக்கள் பரிமாற்ற உடன்படிக்கை, திரும்பி வரும் வழியையும் அடைத்தது. அதில் அளவுகோல் மதம் ஒன்றுதான். என்ன மொழி பேசுகிறாய், எந்த மண்ணில் பிறந்தாய் என்று எவரும் கேட்கவில்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் மறுபக்கம் இடம் மாறினார்கள். மேசையில் போட்ட கையெழுத்துக்காக இத்தனை குடும்பங்கள் அடுப்படியை விட்டுப் போனதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

கிரேக்கத்திலிருந்து இங்கே அனுப்பப்பட்ட முஸ்லிம்களும் பிறந்த ஊரை இழந்தவர்களே. உழவுக்குப் பழகிய அவர்களுக்கு மேட்டு வீடுகள் ஒத்துவரவில்லை. சிலர் சமவெளியில் தங்கினார்கள், பலர் வேறிடம் போனார்கள். கூரை மரங்களும் கதவுகளும் ஒவ்வொன்றாகக் கழன்றன. 1957 ஏப்ரலில் வந்த பெரிய நிலநடுக்கம் எஞ்சியதையும் உலுக்கியது. கீழிருந்து பார்ப்பவர்களுக்குப் பாறையும் சுவருமாகவே தெரிந்த ஊருக்குப் பாறையூர் என்ற பெயர் பொருந்திவிட்டது.

பழைய பெயர்களோ கடல் தாண்டிப் போயின. அருகிலிருந்த ஃபெத்தியேவைக் கிரேக்கர்கள் மாக்ரி என்றே அழைத்தார்கள். மாக்ரியிலிருந்தும் லிவிசியிலிருந்தும் போன அகதிகள் ஏதென்ஸுக்குக் கிழக்கே, மாரத்தான் அருகில் கடலோரத்தில் உருவாக்கிய ஊர் நேயா மாக்ரி, அதாவது புதிய மாக்ரி. லிவிசி மக்களின் பேச்சுவழக்கும் அவர்களோடு போனது. கிரேக்க மொழியியலாளர் நிக்கோலாஸ் ஆண்ட்ரியோடிஸ் அந்த வழக்கை ஆராய்ந்து எழுதிய தனி நூல் 1961இல் வெளியானது. லிவிசி என்ற பெயர் அந்த நூலின் தலைப்பிலேயே இருக்கிறது.