பினே மெனாசே
பினே மெனாசே எனப்படுவோர் மணிப்பூர், மிசோரம் மாநிலங்களின் குக்கி, மிசோ இனங்களைச் சேர்ந்த, யூத சமயத்தைப் பின்பற்றும் சமூகத்தினர் ஆவர். எபிரேய மொழியில் இப்பெயருக்கு "மனாசேயின் மக்கள்" என்பது பொருள். பண்டைய இசுரேலின் காணாமற்போன பத்துக் குலங்களுள் ஒன்றான மனாசேயின் வழிவந்தோராகத் தம்மைக் கருதும் இவர்கள், முன்பு கிறித்தவர்களாக இருந்தனர். 1970களில் யூத வழக்கங்களைக் கைக்கொள்ளத் தொடங்கினர்.

2005 இல் இசுரேலின் செபராதுப் பிரிவுத் தலைமை மதகுரு சுலோமோ அமார் இவர்களை இசுரேலரின் வழித்தோன்றல்களாக ஏற்றார். ஆயினும் முறையான மதமாற்றம் கட்டாயமாக்கப்பட்டது. சமயக் கல்வி, மதகுருக்கள் மன்றத்தின் விசாரணை, ஆண்களுக்கு விருத்தசேதனம், "மிக்வே" எனும் சடங்கு நீராட்டு ஆகியன அதன் படிகளாகும். அவ்வாண்டே இந்திய அரசின் எதிர்ப்பால் இந்தியாவில் இச்சடங்குகள் நிறுத்தப்பட்டன. எனவே பல்லாண்டுகள் ஓய்வுநாளைக் கடைப்பிடித்து வந்தோரும், பெரும்பாலும் இசுரேலில் குடியேறிய பின்னரே முறைப்படி யூதராக ஏற்கப்படுகின்றனர்.